மூன்று முறை கேட்டவர்கள்

பதினேழு வருஷமாக மலம், மூத்திரம், சளி, சீழ் இவற்றோடுதான் என் பிழைப்பு. மைசூர் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு லேபில் டெக்னீஷியன். காலை ஏழு மணிக்கே ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் பிலிம் ரோல் டப்பாவிலும் கொண்டுவந்து நீட்டுவார்கள். மூடியைத் திறந்து பார்ப்பேன், முகம் சுளிக்க மாட்டேன். இந்தச் சொர்ணலதாவுக்கு அருவருப்பே வராது என்று நானே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது வந்தது ஹனூர் பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயிலில், பட்டப்பகலில், என் புருஷன் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றதைப் பார்த்தபோது. முதலில் அவர்மேல்தான் வந்தது.

என் புருஷன் கருப்புசாமி ஒரு காலேஜில் புள்ளியியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டி மொஹல்லா வீட்டு மாடியில் டியூஷன் எடுப்பார். கீழே அடுப்படியில் நிற்கிற எனக்கே பாடம் முழுக்க மனப்பாடம். "நாணயத்துக்கு ஞாபகம் கெடையாதுடா. நூறு தடவ சுண்டிப்போட்டு, உனக்குப் புடிச்ச பத்த மட்டும் நோட்டுல எழுதுனா அதுக்குப் பேரு கணக்கில்ல, பித்தலாட்டம்!" என்று மேஜையைத் தட்டுவார். பையன்கள் அடித்துப்பிடித்து எழுதிக்கொள்வார்கள். இதே மனுஷர் ஸ்கூட்டர் வாங்குவதற்கு மாரியம்மனைக் கேட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கேட்டார். மகள் சௌம்யாவைப் பெங்களூர் ஹாஸ்டலில் சேர்க்கக்கூடக் கேட்டார்.

கேட்பது என்றால் பூக் கேட்பது. கொள்ளேகால், ஹனூர் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். பூசாரி, நனைத்த அரளி மொட்டு ஒன்றைச் சிலையின் வலது தோளிலும் இன்னொன்றை இடது தோளிலும் ஒட்டவைப்பார். கேள்வியைச் சொல்லிவிட்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வலது பூ முதலில் விழுந்தால் சரி, இடது விழுந்தால் வேண்டாம். நனைந்த பூ கல்லில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும் என்பது அதன் ஈரத்தையும் எடையையும் பொறுத்தது, இதில் அம்மனுக்கு என்ன வேலை? இதைச் சொன்னால், "உனக்கு அதெல்லாம் புரியாது புள்ள" என்பார். பி.எஸ்ஸி. படித்த எனக்குப் புரியாதாம். ஸ்கூட்டருக்குத்தானே, தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். மாதம்மா நங்கையாவின் உயிருக்கே பூக் கேட்கக் கிளம்பியபோது விட முடியவில்லை.

புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்போம். கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவர். எனக்கு அப்போது பிரசவ நேரம். சௌம்யாவைக் குளிப்பாட்டியது, தூங்கவைத்தது, பள்ளிக்கூடத்தில் விட்டது எல்லாம் அவர்தான். நான் ஏழு மணி டூட்டிக்குப் புடவையை உதறிக் கட்டிக்கொண்டு ஓட முடிந்தது என்றால், பின்னால் ஆறு மணிக்கே உலை வைக்க ஒரு ஆள் இருந்ததால்தான். இதை ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை.

தொண்ணூற்று நாலு மார்ச்சில் ஒரு காலை, குளியலறையிலிருந்து கூப்பிட்டார்.

"சொர்ணா, சித்த இங்க வா. இது என்னன்னு பாரு."

இடது மார்பில், அக்குளை ஒட்டி, பெரிய புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அழுத்திப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது, நகரவில்லை.

"நோவுதுங்களா நங்கையா?"

"நோவே இல்ல அம்மிணி. நோவு இருந்தா அப்பவே சொல்லியிருக்க மாட்டனா? ரெண்டு மாசமா இருக்குது."

நோகாத கட்டிதான் கெட்டது என்று எனக்குத் தெரியும். "ஒண்ணுமிருக்காது, டாக்டர்கிட்டக் காட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சர்ஜன் கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடி ஸ்லைடில் தடவிக் கொடுத்தார். ஸ்லைடு எங்கள் லேபுக்கே வந்தது. சாயம் ஏற்றியது நான்தான். பார்த்தது டாக்டர் திரிபுரசுந்தரி. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெற்றி நிறையக் குங்குமம், வெள்ளிக்கிழமை தவறாமல் சாமுண்டி மலை, மேஜையில் கைக்கடக்கமாக ஒரு பிள்ளையார். ஆனால் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் கண்ணாடியில் இருப்பதைத்தான் சொல்வார். கெஞ்சினாலும் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டார். பிள்ளையாரையும் குங்குமத்தையும் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்ததுண்டு. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

"இது எனக்குப் பிடிக்கலை, சொர்ணா," என்றார். "செல் கொஞ்சம்தான் வந்திருக்கு. வந்ததும் ஒழுங்கா இல்லை. யாரோடது?"

சொன்னேன். என் தோளில் கையை வைத்தார்.

"மேடம், ஸ்டெயின் பழசு. போன வாரமே மாத்தியிருக்கணும்," என்றேன். அது பொய்யில்லை. அதே பழைய சாயத்தில் அன்று காலை ஒன்பது பேருடைய ஸ்லைடுகள் போயிருந்தன. அந்த ஒன்பதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நங்கையாவின் ஸ்லைடு என்றதும்தான் சாயம் பழசாகிவிட்டது.

இரண்டாம் தடவை குத்தினார்கள். வெறும் ரத்தம் வந்தது. மூன்றாம் தடவை, "கொஞ்சம் தள்ளி எடுத்துப் பாருங்க டாக்டர்" என்று நானே சர்ஜனிடம் சொன்னேன். நங்கையா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். அந்த மூன்றாவது ஸ்லைடு துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது.

"இதுல கெட்டது ஒண்ணும் தெரியலை," என்றார் மேடம். "ஆனா மொதல் ஸ்லைடை மறந்துடாதே. ரெண்டையும் சேர்த்து ரிப்போர்ட்ல போடு. சர்ஜன் பார்த்து முடிவு பண்ணட்டும்."

ரிப்போர்ட்டை டைப் அடிப்பது என் வேலை. மூன்றாவது ஸ்லைடைப் பற்றி எழுதினேன். முதல் ஸ்லைடைப் பற்றிய வரிக்கு வந்ததும் விரல் நின்றது. ஏன் நின்றது என்று இன்றைக்கு நூறு காரணம் சொல்லலாம். அந்த வார்த்தையை எத்தனையோ பேர் வீட்டுக்கு நான் டைப் அடித்து அனுப்பியிருக்கிறேன், என் வீட்டுக்கு அடிக்கக் கை வரவில்லை. அது பாதி. நங்கையா படுத்துவிட்டால் நாளைக்கு உலை வைக்க யார், என் வேலை என்ன ஆகும் என்பதும் மனசில் ஓடியது. அது மீதி. இரண்டையும் மறைக்க எனக்கு ஒரு நல்ல காரணமும் கையிலேயே இருந்தது: சாயம் பழசு, முதல் ஸ்லைடுதான் தப்பு. சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். தாளை உருவிப் பதினோரு ரிப்போர்ட்டுகளுக்கு நடுவில் வைத்தேன். மேடம் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

சர்ஜன் அதைப் படித்தார். "ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் கட்டியை எடுத்துடறது நல்லது. உங்க சௌகரியம்போல ஒரு தேதி சொல்லுங்க."

சௌகரியம்போல! அந்த ஒரு வரியை நான் எழுதியிருந்தால், நாளைக்கே வா என்றிருப்பார். சீக்கிரம் ஆபரேஷன் ஆகிவிட்டால் போதும், கட்டியோடு என் தப்பும் வெளியே போய்விடும், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் புருஷனிடம், "திங்கக்கிழமையே வெச்சுக்கலாமுங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பூக் கேக்காம கத்தி வெக்கக்கூடாது," என்றார். "எங்கம்மாளுக்குக் கேக்காம வெச்சோம். என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டார். இவருக்கு அப்போது இருபது வயது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் இவர்தான். அந்தப் பயத்தைப் பயம் என்று சொல்லியிருந்தால் நான் இரங்கியிருப்பேன். அதற்குப் பூவைச் சாட்சிக்கு இழுத்தார். பரீட்சைப் பேப்பர், காய்ச்சல், பவுர்ணமி என்று சாக்குச் சொல்லி, ஹனூருக்குக் கிளம்பவே மூன்று வாரம் ஆக்கினார். தினமும் கத்தினேன். "ஏனுங்க, உங்க ஸ்டூடண்ட் இப்படிப் பண்ணுனா மார்க் போடுவீங்களா?" என்றால், வாயில் வெற்றிலையைத் திணித்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நங்கையாவையும் கூட்டிக்கொண்டு, கொள்ளேகாலில் பஸ் மாறி ஹனூரில் இறங்கி நடந்தோம். கோயில் சின்னது. உள்ளே காலை வைத்ததுமே எனக்குக் குமட்டியது. நாலு நாள் தேங்காய்த் தண்ணீர் புளித்துக் கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கு கால் விரலில் ஒட்டியது. அழுகின வாழைப்பழத்தில் மொய்த்த ஈ, நேராக வந்து பூசாரி கெம்பையனின் உதட்டில் உட்கார்ந்தது. அவர் அதை ஊதிவிட்டு, அதே வாயால் மந்திரம் சொன்னார். சீழை மணிக்கணக்காகப் பார்க்கிறவள் நான், மூக்கை மூடிக்கொண்டு நின்றேன்.

"தாயி, என்ற அக்காளுக்குக் கத்தி வெக்கலாமா? சொல்லு தாயி," என்றார் என் புருஷன்.

கெம்பையன் மணியை அடித்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வலது பூ பொத்தென்று விழுந்தது.

"வலது குடுத்துட்டா! ஆயித்து, ஆயித்து!" என்றார் கெம்பையன்.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆமாம், நான்தான். ஈரம், எடை எல்லாம் போன இடம் தெரியவில்லை. எனக்கு வேண்டியதைச் சொன்னதும் கல் சாமியாகிவிட்டது.

என் புருஷன் நகரவில்லை. "கதவு தொறந்து கெடக்குது. காத்துல விழுந்திருக்கும்," என்றார்.

"காத்தா? எங்க அடிக்குது காத்து? வெளக்கு ஆடவே இல்லையே!" என்றேன்.

"சும்னே இரு புள்ள. கெம்பையா, கதவச் சாத்திட்டு இன்னொரு தடவ வெய்யி."

கதவைச் சாத்தினார்கள். புழுக்கத்தில் அரை மணி நேரம் நின்றோம். இரண்டு பூவும் அசையவில்லை. "அம்மா மௌனமா இருக்கறா," என்று கெம்பையன் பூவை எடுத்துத் தட்டில் போட்டார். மூன்றாம் தடவை வைத்தார். இந்தத் தடவை என் புருஷன் என்ன செய்தார் தெரியுமா? கேள்வியையே மாற்றிவிட்டார். "தாயி, கத்தி வெக்காமலே என்ற அக்கா பொழச்சுக்குவாளா?"

வலது பூ விழுந்தது.

"பாத்தியா!" என்று என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கண்ணில் தண்ணீர், வாயோரத்தில் வெற்றிலைச் சாறு. நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் குழைந்து மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. த்தூ என்று இருந்தது எனக்கு. இந்த ஆளோடா இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினேன்?

"வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு?" என்று கத்தினேன். "மொதல்ல சொன்னது புடிக்கல, காத்துன்னீங்க. ரெண்டாவது ஒண்ணும் சொல்லல. மூணாவதுக்குக் கேள்வியவே திருப்பிட்டீங்க. புடிச்சத மட்டும் நோட்டுல எழுதுனா அதுக்குப் பேரு என்னங்க? தெனமும் மாடியில கத்தறீங்களே, என்ன பேரு?"

கெம்பையன் பூக்களைத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். என் புருஷன் பதறவில்லை. வாத்தியார் குரலில் நிதானமாகக் கேட்டார்.

"சரி, பூவ விடு. உன்ற வழிக்கே வர்றன். ரிப்போர்ட் உன்ற கையால டைப் அடிச்சது. அதுல கெட்டது ஒண்ணுமில்லேன்னு போட்டிருக்குது. டாக்டரும் அவசரமில்லேன்னுட்டாரு. பொறவு எதுக்கு நீ மூணு வாரமா அறு அறுன்னு துடிக்கற? எதனால? சொல்லு பாக்கலாம்."

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதை நான் லேபில் ஸ்லைடுப் பெட்டியின் அடியில் தள்ளி வைத்திருந்தேன். சொல்லாவிட்டால் அந்தப் பூ சொன்னதே முடிவாகிவிடும், நங்கையா கட்டியோடு வீட்டுக்குத் திரும்புவார். அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத ஸ்லைடு நல்லால்ல," என்றேன்.

"என்னது?"

"மொத ஸ்லைடுல செல்லு சரியில்லேன்னாங்க மேடம். ரெண்டையும் சேர்த்துப் போடுன்னாங்க. நான் போடல."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எத்தன ஸ்லைடு எடுத்தீங்க?"

"மூணு."

"எழுதுனது?"

"ஒண்ணு. கடைசி."

"மூணாவத எங்கிருந்து எடுத்தாங்க? அதே எடத்துலயா?"

"கொஞ்சம் தள்ளி. நாந்தான் தள்ளி எடுக்கச் சொன்னன்."

கணக்கு வாத்தியாருக்கு இதற்கு மேல் வேண்டுமா? என்னை அவர் பார்த்த பார்வையை மறக்க முடியாது. சற்று முன்னால் நான் அவரைப் பார்த்த அதே பார்வை. "சீ" என்றார். பிறகு அவர் கண் தானாகக் கீழே இறங்கியது. பித்தளைத் தட்டில் மூன்று தடவையும் வைத்த ஆறு பூக்கள் வாடிக் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். திருநீற்றை முழங்கையால் துடைத்துக்கொண்டார். எனக்கோ வாயில் கசப்பு ஏறிக்கொண்டு வந்தது. வெளியே ஓடிப்போய் அரளிச் செடி ஓரமாக வாந்தி எடுத்தேன். அந்தப் புளித்த தண்ணீர் நாற்றத்தால் இல்லை.

திரும்பி வந்தபோது நங்கையா எழுந்து நின்றிருந்தார்.

"ரெண்டு பேரும் படிச்சவிய," என்றார். "நான் கைநாட்டு. ஒண்ணு கேக்கறன், பதில் சொல்லுங்க. தாயி மொதத் தடவையே அறுத்துக்கன்னு சொல்லிப்போட்டா. அந்தக் கண்ணாடியும் மொதத் தடவையே சொல்லிப்போட்டுது. கேக்கற வரைக்கும் சரி. சொன்னத எடுத்துக்கோணுமில்ல? மூணு தடவ குத்து வாங்குனது நானு. சாகப்போறதும் நானு. உங்க ரெண்டு பேருக்கு எதுக்கு இத்தன பயம்?"

"அக்கா..." என்றார் என் புருஷன்.

"பேசாத சாமி. ரெண்டு மணி பஸ்ஸுக்குப் போகோணும். சொர்ணா, வாயக் கழுவிட்டு வா."

மறுநாள் காலை ஸ்லைடுப் பெட்டியிலிருந்து முதல் ஸ்லைடை எடுத்துக்கொண்டுபோய் மேடம் மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உட்காரு. என் எதிர்லயே அடி," என்றார். முதல் வரியிலிருந்து திரும்ப அடித்தேன். "அந்த இன்னொரு ஒன்பது ஸ்லைடையும் எடுத்துண்டு வா. சாயம் பழசுன்னா அதையும் பார்க்கணும்," என்றார். ஒன்பதையும் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. சாயத்தில் ஒரு கோளாறும் இல்லை.

சர்ஜன் புது ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத் தேதி கேட்கவில்லை, வியாழக்கிழமை என்று அவரே சொன்னார். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது நங்கையா நர்சின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊசி ஒரு தடவ குத்துனாப் போதுமில்ல கண்ணு?" என்று கேட்டார். நர்சுக்குத் தமிழ் தெரியாது, சிரித்தாள்.

எடுத்த கட்டி லேபுக்கு வந்து, வெட்டி, சாயம் ஏற்றி முடிய ஐந்து நாள். சாயத்தை அன்று காலையில்தான் புதிதாகக் கலக்கினேன். மேடம் வெகுநேரம் பார்த்தார். கண்ணை எடுத்ததும், "புத்துதான், சொர்ணா. அக்குள்ல எடுத்த நெறிகட்டி ரெண்டுலயும் இருக்கு," என்றார்.

"மூணு வாரம் முந்தியே எடுத்திருந்தா, மேடம்?"

"தெரியாது. அதை யாராலயும் சொல்ல முடியாது. இனிமே மருந்து, கதிர் எல்லாம் இருக்கு, பார்க்கலாம். நீ டைப் அடி."

என் புருஷன் காலேஜுக்குப் போகாமல் காலையிலிருந்து கவுண்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் காய்ந்த அரளிப்பூ ஒன்று எட்டிப் பார்த்தது.

"சொர்ணா," என்றார். "இன்னொரு தடவ பாக்கச் சொல்லேன்."

எனக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மேடம் சொன்ன நிமிஷத்திலிருந்து என் நாக்கு நுனியிலும் அதேதான் நின்றுகொண்டிருந்தது. வாஷ்பேசினில் துப்பிவிட்டு, தாளைச் சொருகி, மேடம் சொன்னதை ஒரு வரி விடாமல் டைப் அடித்தேன்.